ஈசானிய மூலைக் கனம்

சென்னியப்பன் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாள், ஆனால் எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. நடக்கிற மிஷின் மேல் ஏறி, சன்னலைப் பார்த்தபடி, அவருக்கு முதுகு காட்டி, குணவதி கைகளை வீசி நடந்தாள்; சன்னல் கிட்ட வரவுமில்லை, எட்டப் போகவுமில்லை. முந்தியை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். பின்னங்கழுத்தில் ஒட்டியிருந்த நாலு மயிர் நரைத்திருந்தது, அதற்கு மட்டும் சாயம் போட மறந்திருந்தாள். கோதுமை வாளியைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று, "போயிட்டு வந்தர்றேன்" என்றார். "நைசா அரைக்கச் சொல்லுங்க. போன தடவ ரவையாட்ட அரைச்சுக் குடுத்துட்டான்" என்றாள் அவள், திரும்பாமலே. திரும்பியிருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் மிஷின் மேல் நடக்கும்போது திரும்பக் கூடாது, திரும்பினால் கால் பின்னும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான், அதனால் அவள் திரும்பாமல் இருந்தது ஒரு விதத்தில் அவர் பேச்சைக் கேட்டதுதான். மில்லில் கூட்டம். மாவு வாளியோடு படியேறும்போது மிஷின் ஓடும் சத்தம் கேட்டது, சரி, இன்னும் நடக்கிறாள் என்று நினைத்தார். உள்ளே வந்தால் பட்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்துச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மூச்சு வாங்க உட்கார்ந்தவள் மாதிரி. அவர் முதலில் மிஷினை நிறுத்தினார். பிறகுதான் அவளைக் கூப்பிட்டார். ஏன் அந்த வரிசையில் செய்தார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. சத்தம் நின்றால் அவளுக்குக் கேட்கும் என்று நினைத்திருக்கலாம். ஆட்கள் வந்தார்கள், டாக்டர் வந்து போனார், யாரோ வாளியைச் சமையலறைக்கு எடுத்துப் போனார்கள். அந்த மாவு வெகு நேரம் சூடாகவே இருந்தது.

இப்போது அவர் அதே அறையில் அதே மிஷினுக்கு முன்னால் காலை காப்பி குடித்த டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். கோபியில் வெயில் ஏறாத நேரம். சன்னலுக்குக் கீழே ரோட்டில் கரும்பு லாரி ஒன்று முனகிக்கொண்டு போனது, அதன் பின்னால் ஒரு துண்டுக் கரும்புக்காகச் சைக்கிளில் துரத்துகிறவர்கள். மகள் மேகலா பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டாள். தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் என்று வளைகாப்பன்றே பேசி முடித்தது. தாய் இல்லாத வீட்டைத் தாய் வீடு என்று சொல்லலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அவர் மட்டும் பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். பேறு பார்க்க அக்கா நல்லம்மாள் பெருந்துறையிலிருந்து வருவதாக ஏற்பாடு. அந்த அக்காதான் நேற்றுப் போனில் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா சென்னியா, அந்தச் சனியன் இன்னும் அங்கயேதான் கெடக்குதா?" "எதுங்க்கா?" "தெரியாதவனாட்டக் கேக்காத. ஈசானிய மூலைல கனம் வெக்காதன்னு அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன். வடகிழக்குல பாரம் ஏத்துனா ஊட்டுப் பொம்பளைக்கு ஆகாது. கேட்டாளா? ‘போங்கண்ணி, அங்கதான் காத்து வருது’ன்னா. காத்து வந்துச்சு, ஆளு போயிட்டா." அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்பப் புள்ளத்தாச்சிப் புள்ள அந்த ஊட்டுக்குள்ள கால் வெக்கப் போவுது. நீ அதைய அங்கிருந்து எடுத்தீன்னா நான் வர்றேன். இல்லீன்னா என்னையக் கூப்புடாத. எங்கண்ணால இன்னொண்ணப் பாக்க எனக்குத் தெம்பில்ல சாமி."

அவர் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. சனி மூலை, அக்கினி மூலை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறவர். ஆனால் நம்பாமல் இருப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும், அது ஊரார் விஷயத்தில் எளிதாக வருகிறது, சொந்த விஷயத்தில் இழுத்துப் பிடித்தால் வருகிறது, மகள் வயிற்றில் பிள்ளையோடு படியேறி வரும்போது வருவதில்லை. நகர்த்திவிட்டால் என்ன கெட்டுப்போகும்? ஒன்றும் கெடாது. ஆனால் நகர்த்தினால் அக்கா சொன்னது சரி என்று ஆகிவிடும். அக்கா சொன்னது சரி என்றால் அந்த மூலைதான் குணவதியைக் கொண்டுபோனது. அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தது யார்? குணவதிதான். அப்படியானால் காற்றுக்கு ஆசைப்பட்டு அவளே தன் சாவுக்கு இடம் பார்த்து வைத்துக்கொண்டாள் என்றாகிறது. அதை அவர் அவள் தலையில் வைக்க முடியாது. நகர்த்தாமல் விட்டு மேகலாவுக்கு ஏதாவது என்றால், அந்த நினைப்பு அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேல் வாக்கியமே வராது. அதனால் மூன்றாவதாக ஒரு வழியை அவர் இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். ‘அங்கயே இருந்துக்க கண்ணு, பெங்களூர்ல ஆஸ்பத்திரியெல்லாம் நல்லாருக்குது, இங்க அம்மாவும் இல்ல’ என்று சொல்லிவிடுவது. காலையில் போன் போட்டு, "கண்ணு" என்றார். "கிளம்பிட்டேன்ப்பா! அவருக்கு லீவு இல்ல, சனிக்கிழம வர்றாரு, நான் டாக்ஸில வர்றேன். எனக்குத் தக்காளித் தொக்கு இருக்குதா?" என்றாள் அவள், பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தத்தோடு. "இருக்குது" என்றார். தொக்கு இல்லை. கடையில் வாங்க வேண்டும்.

டம்ளரைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு மிஷினின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். தூக்கியது மாதிரி அவருக்குத் தோன்றியது, மிஷினுக்குத் தோன்றவில்லை. முன்பக்கம் இரண்டு சின்னச் சக்கரம் உண்டு, பின்பக்கம் ரப்பர்க் கால்கள், அந்தக் கால்கள் டைல்ஸைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு துண்டை மடித்துக் கால்களுக்கு அடியில் எப்படியோ திணித்து இழுத்தார். ஒரு சாண் வந்தது, பிறகு வர மறுத்தது. அவருக்கே சிரிப்பு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஜவுளிக்கடையில் நின்றவன் செய்கிற வேலையா இது? பருத்தி கவ்வும், நைலான் வழுக்கும். கடைக்குச் சேர்ந்த மறுநாளே தெரிந்துகொண்ட சங்கதி. பருத்தித் துண்டை எத்தனை உயரத்துக்கு அடுக்கினாலும் நிற்கும், நைலக்ஸ் சேலையை இருபதுக்கு மேல் அடுக்கினால் யாரோ தும்மினால்கூடச் சரிந்து விழும். அந்தக் கடையில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது. வாடிக்கை இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும், வெறும் சுவரில் சாயவும் கூடாது, சாய்ந்தால் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டும், முதலாளி அதைப் பார்த்தே கண்டுபிடிப்பார். நின்று நின்று கால் நரம்பு முடிச்சு விழுந்து பச்சையாய்ப் புடைத்துக்கொண்டது. குணவதி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே சொல்வாள், "நீங்க நின்ன எடத்துலயே நின்னு சம்பாரிச்சீங்க. நான் நின்ன எடத்துலயே நடந்து ஒடம்பக் கொறைக்கறேன். நம்ம ரெண்டு பேரும் எங்கதான் போய்ச் சேர்றதுன்னு தெரியில." சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். ரோட்டில் நடந்தாள் கொஞ்ச நாள். நாய் பரவாயில்லை, ஆட்கள்தான். "எங்கீங் கெளம்பிட்டீங்க?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், வீட்டில் சண்டையா என்று பார்ப்பார்கள். ஒரு நாள் அவள் கையில் வெறும் பையை எடுத்துக்கொண்டு போனாள், யாராவது கேட்டால் கடைக்கு என்று சொல்ல. அதைக் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்த மேகலாதான் பெங்களூரிலிருந்து இந்த மிஷினை அனுப்பி வைத்தாள். பீரோ மாதிரி ஒரு பெட்டியில் வந்து இறங்கியது.

பீரோ. அதைத் திறக்காமல் வேலை நடக்காது என்று துண்டை உருவி எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, ஆனால் அந்த நினைப்பை இத்தனை தூரம் சுற்றி வளைத்துக் கூட்டி வந்திருக்கிறார். காரியம் முடிந்த பிறகு அக்கா குணவதியின் பட்டுச் சேலைகளையெல்லாம் உறவில் பிரித்துக் கொடுத்துவிட்டாள், அது முறை. வீட்டில் கட்டுகிற சேலைகள் மட்டும் மேல் தட்டில் இருந்தன. கதவைத் திறந்ததும் அவளுடைய வாசனை வரும் என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு மூச்சை விட்டபோது அந்துருண்டை வாசனைதான் வந்தது. பயந்தது நடக்கவில்லை என்பதில் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினார். இது சுங்கடி, கவ்வும். இது வாயில், கிழியும். இது பூனம், பரவாயில்லை. இது நைலக்ஸ். விரல் நழுவியது. வெளியே இழுத்துப் பார்த்தால் ஊதாவில் வெள்ளைப் பூ. மிஷினை நகர்த்த இதே சேலையைத்தான் அவளும் ஒவ்வொரு தடவையும் எடுத்தாள். அது அவளுடைய உத்திதான், அவர் துணியைச் சொன்னார், அவள் வழியைச் சொன்னாள். பின்கால்களுக்கு அடியில் சேலையை நாலாக மடித்துப் போட்டு இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தால் அத்தனை கனமும் டைல்ஸ் மேல் தண்ணீரில் போகிற மாதிரி போகும். முதலில் கூடத்தில் வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் ஏறிப் பார்த்தார்கள், ஒரு சம்பந்தி வீட்டுக்காரர் வேட்டியோடு ஏறி விழப் பார்த்தார். படுக்கையறைக்கு இழுத்தார்கள். இவருக்குத் தூக்கம் போனது. சாமி அறைக்குப் பக்கத்தில் இழுத்தார்கள். சாமியைப் பார்த்துக்கொண்டு நடந்தால் வேண்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்றாள். கடைசியில் இந்த வடகிழக்கு அறை, இந்தச் சன்னல். "இழுங்க, இழுங்க, சேலைய இழுத்தா வெக்கப்படாதீங்க, உங்க பொண்டாட்டி சேலதான்" என்று அவள் சொல்ல, அவருக்குச் சிரிப்பில் கை தளர்ந்து, மிஷின் பாதி வழியில் நின்றுவிடும். வீட்டுக்குள்ளேயே அவர்கள் சேர்ந்து போன யாத்திரை அது. வேறு எங்கும் அதிகம் போனதில்லை.

சேலையைப் போட்டு இழுத்தார். வந்தது. ஒரு முனையில் இரண்டு கையும், இன்னொரு முனை தரையில் கிடந்து கூடவே வர, மிஷின் கோணலாக, ஆனால் சத்தமில்லாமல் மூலையை விட்டு வந்தது. வந்த வேகம் அவரைப் பயமுறுத்தியது. இத்தனை சுலபமா? அது நின்றிருந்த இடத்தில் தூசி ஓர் ஓரமாகக் கோடு போட்டிருந்தது, அதற்குள்ளே தரை புதிசாக மின்னியது, ஒரு கொண்டை ஊசி கிடந்தது. ஊசியை எடுக்கக் குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. இழுப்பது வேண்டாம், தள்ளலாம் என்று சன்னல் பக்கமாகச் சுற்றி வந்து, மிஷினின் தலைமாட்டில், பட்டன்கள் உள்ள பலகைக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்து பார்த்தபோதுதான் தோன்றியது: இது சன்னல் மட்டும் இருந்த இடம். ஒவ்வொரு நாளும் அவள் இந்த இடத்தைப் பார்த்துத்தான் நடந்து வந்தாள். அவளுக்கு எதிரே, அவள் வந்து சேர வேண்டிய இடத்தில், இத்தனை நாள் யாரும் இருக்கவில்லை. இப்போது அவர் நிற்கிறார், அவள்தான் அந்தப் பட்டையில் இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஊதாச் சேலை தரையில் நகர்கிற மாதிரி இருந்தது, வீசுகிற கை தெரிகிற மாதிரி, நெற்றி வியர்வையில் பொட்டு ஓரம் கரைந்திருக்கிற மாதிரி, இதோ வந்துட்டேன் இதோ வந்துட்டேன் என்று வந்துகொண்டே இருக்கிற மாதிரி. அவர் அவளைத் தள்ளிக்கொண்டு போனார். தள்ளத் தள்ள அவள் பின்னால் போனாள், முகம் மட்டும் அவர் பக்கமாகவே இருந்தது. வெயில் அறைக்குள் வந்து தரையெல்லாம் பளபளத்தது. அவர் கையில் கனம் இல்லை, வீட்டுக்கே கனம் இல்லை, எல்லாம் ஒரு நைலக்ஸின் மேல் நழுவிக்கொண்டிருந்தது. மிஷினின் வால் கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது. அப்போது டமாரென்று ஒரு சத்தம். மிஷின் நின்றது. அவர் நெஞ்சு பலகையில் மோதியது.

கைப்பிடிகள் நிற்கிற இரண்டு கம்பமும் கதவு நிலையில் இறுகிக்கொண்டிருந்தன. பின்னால் இழுத்தார், அசையவில்லை. முன்னால் தள்ளினார், நிலை முனகியது. இதே கதவு வழியாகத்தானே வந்தது, போகாமல் எப்படி இருக்கும் என்று கோபத்தோடு நிலையைப் பார்த்தார். பார்த்ததும் நினைவு வந்தது. வரும்போது கதவே இல்லை. இந்த அறை அப்போது கூடத்தின் ஒரு நீட்டம், வெறும் திறப்பு. மிஷின் சத்தத்தில் டி.வி. செய்தி கேட்கவில்லை என்று இவர் முணுமுணுக்க, ஆசாரியைக் கூப்பிட்டு நிலையும் கதவும் வைத்தது அதற்குப் பிறகு. மிஷினை உள்ளே வைத்துக் கதவு போட்டிருக்கிறார்கள். வெளியே எடுக்க வேண்டி வரும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, அந்த ஆசாரிக்கும் தோன்றவில்லை. அப்படியானால் இது இந்த அறையைவிட்டுப் போகவே போகாது. பிரித்துத்தான் எடுக்க வேண்டும், பிரிக்கிறவன் ஈரோட்டிலிருந்து வர வேண்டும். மகள் இதோ வந்துவிடுவாள். அவர் உள்ளே, மிஷின் கதவில், வீடு வெளியே. பயம் இப்போது மூலையைப் பற்றி இல்லை, அல்லது மூலையைப் பற்றித்தான். செல்போன் கூடத்து மேசையில் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

வாசலில் முதலில் கேட்டது கீழ்வீட்டுக் குடித்தனக்காரி ஜோதிமணியின் குரல். "மெதுவா ஏறு அம்முணி, கைப்பிடியப் புடி. ஏனுங்ணா! என்னுங்ணா சத்தம், மோட்டுவளை இடிஞ்சு எங்க தலைல உழுகற மாதிரி? புள்ள வந்திருக்குது, கதவத் தொறந்து போட்டுட்டு எங்க போனீங்க?" "இங்கதான் இருக்கறன்" என்றார் சென்னியப்பன். இரண்டு பேரும் கூடத்தில் வந்து நின்றார்கள். மேகலா ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து, வயிறு முன்னே, முகம் ஊதி, கார்ப் பயணத்தில் தலை கலைந்து நின்றாள். மிஷினைப் பார்த்தாள், அதன் அடியில் கசங்கிக் கிடந்த சேலையைப் பார்த்தாள், பலகைக்குப் பின்னால் தெரிந்த அப்பாவின் தலையைப் பார்த்தாள். "என்னங்ப்பா பண்றீங்க?" "இதைய நகத்தலாம்னு." "எதுக்கு?" ஜோதிமணிதான், "எதுக்கா? உங்கத்த போன் எனக்குமில்ல வந்துச்சு. ஈசானியத்துல கனம் இருந்தா ஆகாதாமா" என்றாள்.

மேகலா மிஷினின் வாலுக்கு அருகே இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "சரி, அங்க வேண்டாம். எங்க வெக்கப் போறீங்க?"

"கூடத்துல."

"கூடம் ஊட்டுக்கு நடு. நடுவுல கனம் வெச்சா பிரம்ம ஸ்தானம், அதும் ஆகாதும்பாங்க அத்த."

"ஆமாங்ணா, எங்கூருல அப்படித்தான் ஒரு ஊட்ல உரலையே எடுத்துப் போட்டாங்க" என்றாள் ஜோதிமணி.

"அப்பறம் இதைய வானத்துலதான் கட்டித் தொங்க உடோணும்" என்றாள் மேகலா. சிரிக்கத் தொடங்கியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். "அய்யோ, உதைக்குது." அவர் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சும்மா உதைக்குதுங்ப்பா. அதுக்கெதுக்கு இப்பிடிப் பாக்கறீங்க?"

அவர் சொன்னார். கோர்வையாக வரவில்லை. அக்கா இதை எடுத்தால்தான் வருவாள் என்றார், இது நிலையில் மாட்டிக்கொண்டது என்றார், உங்கம்மா இங்கதான் காத்து வருதுன்னு சொன்னா என்றார், காத்து வந்தது நெசந்தான் என்றார், எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லை கண்ணு, ஆனா உனக்கு எதாச்சும் ஒண்ணுன்னா என்று சொல்லி அங்கே நின்றுவிட்டார். காலையில் போனில் சொல்லாமல் விட்ட ‘அங்கயே இருந்துக்க’ நாக்கு நுனி வரை வந்து நின்றது.

மேகலா நாற்காலியில் நிமிர்ந்தாள். "இது வெளிய வராதுன்னு வெச்சுக்கங்க. அத்த வரமாட்டாங்கன்னும் வெச்சுக்கங்க. அப்ப நான் திரும்பிப் போயரட்டுமா? டாக்ஸி கீழதான் நிக்குது. டீ குடிச்சிட்டுப் போறேன்னாரு டிரைவர்."

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் பயம் இருந்தது, அம்மா செத்த அறைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் போய்விட்டால் பயமும் அவளோடு ஏறிப் பெங்களூர் போய்விடும், இங்கே அமைதியாக இருக்கும், பட்டை நின்ற பிறகு இருந்த மாதிரி. "வேண்டாம்" என்றார். "இரு. எங்கயும் போகாத. இங்கயே இரு."

"அப்பச் சரி" என்றாள் மேகலா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கத்த வராட்டிப் போறாங்க. நாலு புள்ளப் பேறு பாத்திருக்கறேன் நானு. கீழ இருந்து மேல வர எனக்கென்ன பஸ்ஸா ஏறோணும்?" என்றாள் ஜோதிமணி. "மொதல்ல நீங்க வெளிய வாங்ணா. உள்ள நின்னுட்டுப் பேசறது ஜெயில்ல ஆளப் பாக்க வந்த மாதிரி இருக்குது."

வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. குனிந்து, பலகைக்கு அடியில் நுழைந்து, மோட்டார் மூடியைத் தாண்டிப் பட்டையின் மேல் காலை வைத்தார். அதற்கு முன் அவர் அதில் ஏறியதே இல்லை. பட்டை அவர் கனத்துக்கு ஓர் அங்குலம் நழுவி, நின்றது. இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடித்தபடி, இந்த வயதில் நடை பழகுகிறவர் மாதிரி, அவர் அதன் மேல் நடந்து கூடத்துக்கு வந்தார். மேகலா உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினாள், அது கடைசி அடிக்குத்தான் தேவைப்பட்டது. அவள் கை சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. அவர் விடவில்லை. "தொக்கு இல்ல" என்றார். "நெனச்சேன்" என்றாள் அவள்.

ஜோதிமணி முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டாள். நீ தொடாதே என்று மேகலாவிடம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு இந்தப் பக்கமிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். நிலையில் கொஞ்சம் மரத்தைப் பெயர்த்துக்கொண்டு கம்பங்கள் விடுபட்டன, மிஷின் உள்ளே போனது. இன்னும் தள்ளினால் பழையபடி சன்னல் வரை போயிருக்கும். பாதி வழியில் ஜோதிமணிக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு இடுப்பு. போதும் என்றார் அவர். அக்காவுக்குச் சாயங்காலம் போன் போட்டு வரச் சொல்ல வேண்டும், வந்தால் வரட்டும்.

மிஷின் இப்போது அந்த அறையின் நடுவில், கொஞ்சம் கோணலாக நிற்கிறது. அதைச் சுற்றி நாலு பக்கமும் ஓர் ஆள் நடக்க இடம் இருக்கிறது.